பட்ட காலிலே படுவது ஏன்?

இந்த மாதச் சுவரிதழில் எனக்கு ஒரே ஒரு தாள் என்றுதான் சொன்னார்கள். கெஞ்சிக் கேட்டுக் கூடுதல் தாள் வாங்கியிருக்கிறேன். அதனால் கவிதைப் பகுதி கொஞ்சம் சுருங்கிப்போச்சு. கவிஞர்கள் கோவிச்சுக்காதீங்க. குறுவட்டப் போட்டிக்கு ஆள் எடுக்க இன்னும் மூன்று வாரம்தான் இருக்கு. அதற்கு முன்னால் இதை எல்லாரும் படிக்கணும்.

"பட்ட காலிலே படும்" என்று வீட்டில் பாட்டிமார் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கஷ்டப்படுறவங்களுக்கே மேலும் கஷ்டம் வரும் என்ற அர்த்தத்தில் சொல்வார்கள். ஓட்டக்காரர்களுக்கு அது வெறும் பழமொழி இல்லை, அப்படியே நேரடி உண்மை. தொடையின் பின்பக்கச் சதை யாருக்குக் கிழியும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க உலகம் முழுக்க எத்தனையோ ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். உயரம், எடை, உடம்பு வளையும் தன்மை என்று எதையெதையோ அளந்தார்கள். வயது கூடுவது ஒரு காரணம் என்று தெரிந்தது. அதைவிட உறுதியாக நின்ற காரணம், ஏற்கெனவே அங்கே ஒரு முறை அடிபட்டிருப்பது! ஐரோப்பாவின் பெரிய கால்பந்துக் கிளப்புகளில் வருகிற பின்தொடைக் காயங்களில் ஐந்தில் ஒன்றோ ஆறில் ஒன்றோ பழைய காயம் திரும்பி வந்ததுதான். அங்கே ஒவ்வொரு கிளப்புக்கும் தனி டாக்டர், தனி பிசியோதெரபிஸ்ட் எல்லாம் உண்டு. அப்படி இருந்தும் இந்தக் கதை. நம்ம பள்ளியில் இருப்பது ஒரு முதலுதவிப் பெட்டி. அதிலும் கத்திரிக்கோல் காணாமப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு.

சரி, முதலில் அந்தச் சதை என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். அது தெரியாமல் மீதி புரியாது.

நாற்காலியில் உட்காரும்போது பெஞ்சில் அழுந்தும் எலும்பு இருக்கே, அங்கிருந்து தொடங்கி முழங்காலுக்குக் கீழே வரை தொடையின் பின்னால் மூன்று சதைகள் ஓடுகின்றன. கோச்சுகள் இதை ஹாம்ஸ்டிரிங் என்பார்கள். முழங்காலுக்குப் பின்னால் கையை வைத்து மடக்கிப் பாருங்கள், ரெண்டு பக்கமும் கயிறு மாதிரி விறைப்பாகத் தட்டுப்படும். அதுதான் அவற்றின் நுனி. இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு ரெண்டையும் தாண்டிப் போகிற சதைகள் இவை. அதனால் ரெண்டு இடத்திலும் வேலை.

ஓடும்போது இது எப்போ கிழியும் தெரியுமா? நிறையப் பேர் தரையை உதைக்கும்போது என்று நினைக்கிறார்கள். வேகமாக ஓடும்போது பெரும்பாலும், கால் காற்றில் முன்னால் வீசப்பட்டுத் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால்தான் அந்த ஆபத்தான நேரம் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். முழங்கால் நீண்டுகொண்டே போகும். அதை அப்படியே விட்டால் கால் முன்னால் பறந்துவிடும். பின்தொடைச் சதை நீண்டுகொண்டே அதைப் பிடித்து நிறுத்துகிறது. மாடியிலிருந்து ஒரு நெல் மூட்டையைக் கயிறு கட்டிக் கீழே இறக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு கையை விட்டுப் போய்க்கொண்டே இருக்கும், ஆனால் விடாமல் பிடித்துக்கொண்டும் இருக்கணும். மூட்டையை ஏத்துறதைவிட இறக்குறப்பத்தான் உள்ளங்கை காந்தும். பின்தொடைச் சதையின் வேலையும் அதுதான், ஒரு நொடிக்குள் ரெண்டு கால்களுக்கும் சேர்த்து நாலு முறை.

இப்போ என் கதையைச் சொல்கிறேன். நான் 200 மீட்டரும் நீளம் தாண்டுதலும் செய்கிறவள். பத்தாம் வகுப்பில் குறுவட்டப் போட்டியில் 200 மீட்டர் வளைவு முடிந்து நேர்ப்பாதைக்குத் திரும்புகிற இடத்தில் இடது தொடைக்குப் பின்னால் சுருக்கென்றது. யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்த மாதிரி இருந்தது. மூன்று வாரம் முழு ஓய்வு. வலி சுத்தமாகப் போய்விட்டது. பதினொன்றாம் வகுப்பு ஜூலையில் பயிற்சியின்போது மறுபடியும் அதே இடம். இந்தத் தடவை ஐந்து வாரம் ஓய்வு. நவம்பரில் வருவாய் மாவட்டப் போட்டி, நீளம் தாண்டுதலில் ரெண்டாவது முயற்சி, மூன்றாவது முறையாக அதே இடம். ஓய்வு எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். படிக்கட்டு ஏறாதே என்றார்கள், ஏறவில்லை. இருந்தும் ஏன் வருது?

அரசு மருத்துவமனை பிசியோதெரபிப் பிரிவில் இருக்கும் மேடம்தான் இதற்குப் பதில் கண்டுபிடித்தார். அவர் வலிக்கும் இடத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, முதலில் எண்ணிக்கை எடுத்தார். மல்லாந்து படுக்கச் சொல்லி, ஒரு குதிகாலை மட்டும் முழங்கால் உயர ஸ்டூல் மேல் வைத்து, மறு காலைத் தூக்கிக்கொண்டு, குதிகாலை அழுத்தி இடுப்பை மேலே தூக்கி இறக்கச் சொன்னார். முடியாமல் போகும்வரை. வலது காலில் 24 முறை. இடது காலில் 9. ஒன்பதாவதில் இடுப்பு கோணலாக இறங்கி, கெண்டைக்காலில் பிடிப்பு வந்து, நானே சிரித்துவிட்டேன். வலி துளிகூட இல்லை என்பதைக் கவனிக்கவும். வலி இல்லாத காலில் பலம் பாதிக்கும் கீழே!

இதே சோதனையை ஆஸ்திரேலியாவில் அவர்கள் ஊர்க் கால்பந்து வீரர்களிடம் சீசனுக்கு முன்னாலேயே செய்து பார்த்து 2014-ல் வெளியிட்டிருக்கிறார்கள். பிறகு வலது தொடையில் காயப்பட்டவர்களுக்கு, காயம் வருவதற்கு முன்பே அந்தக் காலில் எண்ணிக்கை குறைவாக இருந்திருக்கிறது. இருபதுக்குக் கீழே என்றால் பலவீனம், முப்பதுக்கு மேல் என்றால் நல்ல பலம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மெஷின் தேவையில்லை. ஒரு ஸ்டூல் போதும்.

அப்புறம் ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். வலது காலில் நின்றேன். இடது காலில் கண்ணை மூடியதும் நாலே நொடியில் ஆட்டம் கண்டது. "இந்தக் கணுக்கால் எப்பவாவது பிசகியிருக்கா?" என்று கேட்டார். ஒன்பதாம் வகுப்பில் கோகோ ஆடும்போது பிசகியது எனக்கே மறந்துபோயிருந்தது. காலுக்கு மறக்கலை.

மேடம் சொன்ன விளக்கம் இதுதான். கணுக்கால் பிசகும்போது அங்குள்ள பட்டைகள் மட்டும் நையவில்லை. கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிற உணர்வும் மழுங்கிவிடும். வீக்கம் வடிந்த பிறகும் அது தானாகத் திரும்புவதில்லை, பழக்க வேண்டும். கொஞ்ச நாள் நொண்டியதில் அந்தப் பக்கத்துப் பிட்டத்துச் சதை சோம்பேறி ஆகிவிட்டது. இடுப்பைப் பின்னால் தள்ளுகிற பெரிய வேலை அதனுடையது. அது தூங்கினால் பின்தொடைச் சதை தன் வேலையோடு அதன் வேலையையும் சேர்த்து இழுக்கணும். ரெண்டு பேர் தூக்க வேண்டிய பெஞ்சை ஒருத்தன் தூக்கினால் யார் முதுகு பிடித்துக்கொள்ளும்? தூக்கினவன் முதுகுதான். எல்லாரும் அவனுக்குத் தைலம் தேய்ப்பார்கள். தூங்கினவனை யாரும் எழுப்ப மாட்டார்கள்.

இதில் ஒரு விஷயத்தை அவரே சேர்த்துச் சொன்னார். கணுக்காலில் தொடங்கியது என்பது அவருடைய கணிப்புதான், நூற்றுக்கு நூறு நிரூபிக்க முடியாது. ஆனால் 24-க்கும் 9-க்கும் உள்ள வித்தியாசம் கணிப்பு இல்லை, எண்ணிப் பார்த்தது. அதனால் அங்கிருந்து வேலையை ஆரம்பிப்போம் என்றார். எனக்கு இது ரொம்பப் பிடித்தது.

ஓய்வு ஏன் போதவில்லை என்பதும் இப்போ விளங்குகிறது. கிழிந்த சதை ஆறும்போது அந்த இடத்தில் தழும்பு மாதிரி ஒரு திசு உருவாகிறது. வலி முதலில் போய்விடும், இழுவையைத் தாங்கும் பலம் பின்னால்தான் வரும், அதுவும் வேலை கொடுத்தால்தான் வரும். லேசான கிழிசல் என்றால் ஒன்றிரண்டு வாரம், நடுத்தரம் என்றால் ஒரு மாதம் முதல் ரெண்டு மாதம், பெரிசு என்றால் பல மாதம். வெறும் ஓய்வில் காயம்பட்ட சதையோடு நல்ல சதையும் சேர்ந்து மெலியும். அப்படி மெலிந்த காலோடு நேரே முழு வேகத்தில் ஓடினால் மூட்டைக் கயிறு கையை உருவிக்கொண்டு போகாமல் என்ன செய்யும்? பழைய காயம் திரும்புவது பெரும்பாலும் திரும்பி வந்த முதல் சில வாரங்களில், அதிகபட்சம் ரெண்டு மாதத்துக்குள். என்னுடைய ரெண்டாவது, மூன்றாவது தேதிகளைப் பாருங்கள். மூன்றாவது அந்தக் கணக்கில் சரியாக உட்காருது. ரெண்டாவது பல மாதம் கழித்து வந்தது, ஏன்னா நடுவில் பொதுத்தேர்வு, கோடை விடுமுறை என்று நான் ஓடவே இல்லை. மறுபடி ஓட ஆரம்பித்த மூன்றாம் வாரம் வந்தது.

இங்கே ஒரு சந்தேகம் வரும். இடதும் வலதும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கணுமா? இல்லை. உசைன் போல்ட்டுக்கு முதுகெலும்பு பிறவியிலேயே வளைந்தது. வலது கால் இடது காலைவிட அரை அங்குலம் குட்டை. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவர் ஓட்டத்தின் வீடியோவை வைத்து அளந்து 2017-ல் சொன்னார்கள்: வலது கால் தரையில் இறங்கும் விசை சுமார் 13 சதவீதம் அதிகம், இடது கால் தரையில் நிற்கும் நேரம் சுமார் 14 சதவீதம் அதிகம். அந்தக் கோணலோடுதான் 2009-ல் பெர்லினில் 9.58 வினாடி ஓடினார். கோணலை நிமிர்த்தினால் இன்னும் வேகமாக ஓடுவாரா, மெதுவாகிவிடுவாரா என்று அந்த ஆராய்ச்சியாளர்களாலேயே சொல்ல முடியவில்லை. முதுகையும் இடுப்பையும் சுற்றியுள்ள சதைகளைப் பலமாக வைத்திருக்கும்வரை முதுகுவளைவு தனக்குப் பெரிய தொல்லை தரவில்லை என்று போல்ட்டே எழுதியிருக்கிறார். ஆனாலும் அவருடைய கடைசிப் பந்தயம் எப்படி முடிந்தது என்று நினைவிருக்கும். 2017 லண்டன், 4x100 ரிலே, தொடையைப் பிடித்துக்கொண்டு தடத்தில் சாய்ந்தார்.

ஆக, உடம்பில் இருக்கும் எல்லா வித்தியாசமும் நோய் இல்லை. பிறவியில் வந்ததும் ஆட்டத்தால் வந்ததும் உண்டு. நீளம் தாண்டுகிற நான் எப்பவும் இடது காலில்தான் எழும்புகிறேன். தடத்தில் எப்பவும் இடப்பக்கமாகவே திரும்புகிறோம், உள்பக்கம் இருப்பது எப்பவும் இடது கால். இது போதாதென்று நம்ம கிரவுண்டு வேப்பமரத்துப் பக்கம் சரிவாக வேறு இருக்கு. காலையில் எல்லாரும் அதே திசையில்தான் ரவுண்டு ஓடுகிறோம். வார்ம் அப் ரவுண்டையாவது ஒரு நாள் எதிர்த்திசையில் ஓடலாமே என்று பி.டி. மிஸ்ஸிடம் கேட்டிருக்கேன். (ஓடினோம். ரெண்டு பேர் நேருக்கு நேர் மோதிக்கொண்டார்கள். பழகிடும்.) கவலைப்பட வேண்டிய வித்தியாசம் எது என்றால், அடிபட்ட பக்கத்தில் புதிதாக வந்து போகாமல் நிற்கிற பலக்குறைவு.

வேகப்பந்து போடுகிற அண்ணன் தம்பிகளுக்கு இதுவே முதுகில் வரும். பந்தை விடும்போது உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து முறுக்கி வளைகிறது. வலது கை பவுலருக்குப் பெரும்பாலும் கீழ்முதுகின் இடப்பக்கம் எலும்பில் நுண்விரிசல் விழும். வளரும் வயதில் எலும்பு முழுசாக இறுகியிருக்காது என்பதால் நம்ம வயசுக்காரங்களுக்கு ஆபத்து அதிகம். டென்னிஸ் லில்லிக்கு 1973-ல் முதுகில் இந்த விரிசல் வந்தது. அவர் ஆட்டம் முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். மாவுக்கட்டு, அப்புறம் மாதக்கணக்கில் பலப்பயிற்சி. 1974-75 ஆஷஸில் திரும்பி வந்து இங்கிலாந்தை ஒரு வழி பண்ணினார். அவர்தான் பிறகு 1987-ல் சென்னையில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனில் நம்ம நாட்டுப் பையன்களுக்குக் கால் நூற்றாண்டு கற்றுக்கொடுத்தார். பந்து போட்டால் மட்டும் கீழ்முதுகில் ஒரே பக்கம் வலிக்குது என்றால், தம்பி, அது சதைப்பிடிப்பு என்று நீயே முடிவு பண்ணாதே. டாக்டரிடம் போ.

திரும்பி வர முடியாமல் போனவர்களும் உண்டு. சீனாவின் லியு ஷியாங் 2004 ஏதென்ஸில் 110 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் உலக சாதனையைச் சமன் செய்து தங்கம் வாங்கியவர். 2008-ல் சொந்த நாட்டில் ஒலிம்பிக். குதிகாலுக்கு மேலே இருக்கும் நரம்பு மாதிரியான தடித்த தசைநாணில் பழைய காயம். பெய்ஜிங் மைதானமே காத்திருக்க, முதல் சுற்றிலேயே நொண்டிக்கொண்டு வெளியேறினார். நாலு வருஷம் கழித்து லண்டனில் முதல் தடையிலேயே விழுந்தார், அந்தத் தசைநாண் அறுந்துவிட்டது. எழுந்து ஒற்றைக்காலில் குதித்துக் குதித்து முடிவுக்கோடு வரை போனார், போகிற வழியில் கடைசித் தடைக்கு ஒரு முத்தம் கொடுத்தார். 2015-ல் ஓய்வு. நம்ம ஹிமா தாஸ் 2018-ல் ஃபின்லாந்தில் 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் 400 மீட்டர் தங்கம் வென்றவர். 2019-ல் தோஹாவில் முதுகுப் பிடிப்பு, ஓட்டத்தை முடிக்க முடியவில்லை. 2021 ஜூனில் பாட்டியாலாவில் 100 மீட்டர் தகுதிச் சுற்றில் பின்தொடைச் சதை. அதோடு டோக்கியோ போயிற்று. இவர்களுக்கெல்லாம் மருத்துவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். அதனால் நான் சொல்கிறதைச் செய்தால் இனி காயமே வராது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வாய்ப்பைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

எவ்வளவு குறையும்? இதற்கு எண் இருக்கிறது. நார்டிக் பயிற்சி என்று ஒன்று. முழங்காலிட்டு நிற்கணும், பின்னால் ஒருத்தர் கணுக்கால் ரெண்டையும் அழுத்திப் பிடிக்கணும். முதுகை வளைக்காமல், முழங்காலிலிருந்து தலை வரை ஒரே பலகை மாதிரி, மெதுவா மெதுவா முன்னால் சாயணும். எவ்வளவு தாமதமாக விழ முடியுமோ அவ்வளவு தாமதமாக விழணும், கடைசியில் கையை ஊன்றிக்கொள்ளலாம். மூட்டை இறக்குகிற வேலைக்கு ஒத்திகை. இது சேர்ந்த பயிற்சித் திட்டங்களைப் பற்றிய ஆய்வுகளை 2019-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள், 8,000 பேருக்கு மேல். பின்தொடைக் காயங்கள் சுமார் பாதியாகக் குறைந்திருந்தன. காசு செலவே இல்லாத ஒன்றில் பாதி குறைவது சின்ன விஷயமா? ஆனால் முதல் வாரமே ஆர்வத்தில் முப்பது செய்தால் மறுநாள் கழிப்பறையில் உட்கார முடியாது. (அனுபவஸ்தர்கள் பத்தாம் வகுப்பு 'ஏ' பிரிவில் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளவும்.) முதல் வாரம் ஒரே நாள், ஐந்து ஐந்தாக ரெண்டு தடவை. அப்புறம் வாரா வாரம் கொஞ்சமாக ஏற்றணும். புதிதாகக் கிழிந்த காலுக்கு இது உடனே கூடாது.

நான் செய்தது என்ன என்று கேட்பீர்கள். டிசம்பரில் ரெண்டு காலும் ஊன்றி இடுப்பைத் தூக்குவதில் ஆரம்பித்தேன். அப்புறம் ஒற்றைக்கால். இடது காலுக்கு எப்பவும் ஒரு தடவை கூடுதல். பல் தேய்க்கும்போது இடது காலில் நிற்பது (தம்பி இதைப் பார்த்து என்னைக் கொக்கு என்று கூப்பிடுகிறான்). பிப்ரவரியில்தான் நார்டிக். ஓட்டம் நடையில் தொடங்கி, மெது ஓட்டம், பாதி வேகம், முக்கால் வேகம் என்று ஏறியது. ஒரு படியில் மறுநாள் காலை வலியோ இறுக்கமோ இருந்தால் அடுத்த படிக்குப் போகக்கூடாது, அதே படியில் இன்னும் ரெண்டு நாள். சலிப்புன்னா சலிப்பு. ஓடாதவளுக்கு ஓட்டம் பார்க்கிற கொடுமை கிரவுண்டு ஓரத்தில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

தைலம், சுளுக்கு எடுப்பது, ஐஸ் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். தைலம் தேய்த்தால் சூடாக இருக்கும், இதமாக இருக்கும், பலம் வராது. கிழிந்த முதல் ரெண்டு மூன்று நாள் அழுத்தித் தேய்ப்பதும் நீவுவதும் உள்ளே ரத்தக்கசிவை அதிகமாக்கும், அது வேண்டவே வேண்டாம். ஐஸ் வலியைக் குறைக்கும். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைப்பது என்ற நாலையும் சேர்த்து 1978-ல் எழுதிப் பிரபலமாக்கியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க டாக்டர். அவரே 2014-ல் ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். வலிக்குக் கொஞ்ச நேரம் வைக்கலாம், தப்பில்லை, அது மருந்து இல்லை என்று தெரிந்து வைக்கணும். எனக்குக் கோபம் வருவது ஸ்பிரே மேல்தான். வலிக்கிற காலில் ஸ்பிரே அடித்து ஓட விடுவது, வீட்டில் அலாரம் அடிக்கும்போது ஒயரைப் பிடுங்குவது மாதிரி.

எட்டாவது ஒன்பதாவது படிக்கிறவங்க கவனத்துக்கு: முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் முண்டு மாதிரி வீங்கி, குதித்தால் வலித்தால், அது பெரும்பாலும் வளர்ச்சிக் காலத்து வலி. வேகமாக உயரம் கூடும்போது சதை எலும்பைப் பிடித்து இழுப்பதால் வருவது. பயப்பட வேண்டாம், ஆனால் குதிக்கும் அளவைக் குறைக்கணும். எலும்பில் ஒரு விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலி, ராத்திரியில் வலி, மரத்துப்போவது, ஊன்றவே முடியாதது இவற்றுக்குப் பயிற்சி ஒன்றும் செய்யாமல் நேரே மருத்துவமனை. தங்கைகளுக்கு இன்னொன்று. வாலிபால், கோகோவில் குதித்து இறங்கும்போது முழங்கால் ரெண்டும் உள்ளே சாய்கிறதா என்று ஒருத்தரையொருத்தர் பாருங்கள். முழங்காலின் உள்ளே இருக்கும் பட்டை அறுவது பெண்களுக்குத்தான் அதிகம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களின் கால்பந்து அணிகளில் இருபது நிமிட வார்ம் அப் ஒன்றைச் சீசன் முழுக்கச் செய்ய வைத்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. நார்டிக், ஒற்றைக்காலில் நிற்பது, சரியாகக் குதித்து இறங்குவது எல்லாம் அந்த இருபது நிமிடத்துக்குள் அடக்கம். நாம் அந்த நேரத்தில் ரெண்டு ரவுண்டு ஓடிவிட்டு, கையைக் காலைச் சுழற்றிவிட்டு, மீதி நேரம் பேசுகிறோம். காலையில் சாப்பிடாமல் பயிற்சிக்கு வருவதையும் விடுங்கள். சாப்பாடு பத்தாத உடம்பில் எலும்பும் ஆறாது.

கடைசியாக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜூன் மாதம் முழுக்க ஒன்றும் இல்லாமல் இருந்துவிட்டு, போட்டிக்குப் பதினைந்து நாள் முன்னால் காலை மாலை ரெண்டு வேளையும் ஓட வைப்பதுதான் நம்ம வழக்கம். நல்லா ஓடுகிற ஒரே பிள்ளையைத் தனிப்போட்டிகள், ரிலே, கபடி எல்லாவற்றிலும் சேர்ப்பதும் வழக்கம். பள்ளிக்குக் கோப்பை வரணும் என்ற ஆசைதான், புரிகிறது. ஆனால் சதைக்குத் திடீர் பாரம்தான் முதல் எதிரி. எட்டாம் வகுப்பில் ஒரு பொண்ணு போன வாரம் நொண்டிக்கொண்டே ஓடினாள். கேட்டேன். "அக்கா, மிஸ்கிட்ட சொல்லிடாதீங்க, பேரை எடுத்துருவாங்க" என்றாள். இதை அவள் அனுமதியோடு, பெயர் இல்லாமல் எழுதுகிறேன். மிஸ்ஸிடம் ரெண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சொன்னோம். பெயரை எடுக்கவில்லை. தேர்வு நாள் வரை ஓட்டத்துக்குப் பதில் பலப்பயிற்சி, அன்றைக்கு எண்ணிப் பார்த்து முடிவு என்றார்கள். வலியைச் சொன்னால் பெயர் போகாது என்பதை மிஸ்ஸே பிரேயரில் ஒரு தடவை சொன்னால் இன்னும் எத்தனை பேர் வாயைத் திறப்பார்கள் என்று பாருங்கள்.

எனக்கும் அதே நிபந்தனைதான். ரெண்டு காலுக்கும் உள்ள வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் வந்தால் 200 மீட்டர் ஓடலாம், நீளம் தாண்டுதல் இந்த வருஷம் கிடையாது. எனக்கு இது பள்ளியில் கடைசி வருஷம். நேற்று எண்ணியது வலது 27, இடது 22. இடது காலில் 25 வரணும். இன்னும் மூன்று.

செவ்வாய், வெள்ளி மாலை 4.40-க்கு மேடைக்குப் பின்னால் நானும் ரிலே அணியும் பயிற்சி செய்கிறோம். ஸ்டூல் ஒன்று சத்துணவுக் கூடத்து ஆயாவிடம் கேட்டு வாங்கியிருக்கேன். கணுக்கால் பிடிக்க ஆள் பத்தலை. உங்கள் எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ள வருகிறவர்கள் ஒரு பழைய பாயோ போர்வையோ எடுத்துட்டு வாங்க, தரை முழுக்க ஜல்லி.

– பன்னிரண்டாம் வகுப்பு 'பி' பிரிவு மாணவி